ஜனவரி 30: ஒரு நாளின் வரலாறு

திருக்கோயில் திருப்பணி நிறைவெய்திக் குடமுழுக்குக்கு நாள் குறிக்கும்போது, வாரம், திதி, நட்சத்திரம், யோகம், கரணம் என்னும் ஐந்து உறுப்புக்களையும் ஆராய்ந்து பார்ப்பது நம் நாட்டு மரபு. இவ்வைந்தையும் கூறுதலின் அந்நூல் பஞ்சாங்கம் எனப் பெயர் பெற்றது. நாளைப் போற்றிய நம் முன்னோர், அதனைக் கல்லில் பொறித்து வைக்கவும் மறந்தாரில்லை. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் உச்சியில் வைப்பதற்கு இராஜராஜ சோழன் செப்புக்குடம் அளித்தது, அவனுடைய 25ஆம் ஆட்சியாண்டின் 275ஆம் நாள் என்று அக்கோயிற் கல்வெட்டே உரைக்கின்றது. ஆயிரம் ஆண்டுகள் கழிந்த பின்னரும் அந்த ஒரு நாள் மறையாமல் நிற்கிறது.

நாள் பார்க்கும் மரபு இவ்வாறிருக்க, நாளும் கோளும் அடியார்க்கு இடையூறு செய்யா என்று துணிந்து கூறிய மரபும் இந்நாட்டில் உண்டு. பாண்டிமாதேவி மங்கையர்க்கரசியாரின் அழைப்பை ஏற்றுத் திருமறைக்காட்டிலிருந்து மதுரைக்குப் புறப்பட்ட திருஞானசம்பந்தரை நோக்கி, கோள்நிலை நன்றாயில்லை என்று திருநாவுக்கரசர் தடுத்தருளினார். சமணரால் தாம் பட்ட துன்பங்களை எண்ணி அஞ்சிய அன்பு அது. சம்பந்தரோ கோளறு பதிகம் பாடியருளி, அன்றே மதுரை நோக்கி நடந்தார். பெரியபுராணம் விரித்துரைக்கும் வரலாறு இது.

இவ்விரண்டு மரபும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. நற்செயலுக்கு நல்ல நாளைத் தேடுவது பணிவு. நற்செயலால் எந்த நாளையும் நல்ல நாளாக்குவது துணிவு. நாளின் பெருமை நாளில் உள்ளதா, அந்நாளில் மக்கள் செய்யும் செயலில் உள்ளதா என்னும் வினாவுக்கு உலக வரலாறு விடை கூறும். வெவ்வேறு நூற்றாண்டுகளில், வெவ்வேறு நாடுகளில், ஒரே தேதியில் நிகழ்ந்தவற்றை ஒருங்கு வைத்து நோக்கினால் உண்மை விளங்கும். அவ்வாறு நோக்குதற்கு ஏற்ற நாள்களுள் ஒன்று ஜனவரி 30.

இந்நாள் எப்போதும் தைத் திங்களின் நடுப்பகுதியில் வருவது. இக்காலத்தில் தை 16 அல்லது 17ஆம் நாளாக வருகின்ற ஜனவரி 30, 1874ஆம் ஆண்டில் தை 19ஆம் நாளாக இருந்தது. கதிரவன் நட்சத்திர மண்டலத்தை ஒருமுறை சுற்றிவரும் காலத்தைக் கொண்டது நமது சூரிய ஆண்டு. அது ஆங்கில ஆண்டைவிட ஏறத்தாழ 20 நிமிடம் நீண்டது. ஆகவே ஏறக்குறைய எழுபது ஆண்டுகளுக்கு ஒரு நாள் வீதம் நம் தேதியும் ஆங்கிலத் தேதியும் விலகிச் செல்கின்றன. நாட்கணக்கு இவ்வாறு மாறினும், அந்நாளில் நிகழ்ந்தவை மாறுவதில்லை.

அரசனும் அவன் பகைவரும்

முதலில் இங்கிலாந்து நாட்டை நோக்குவோம். 1625ஆம் ஆண்டு அரியணை ஏறிய முதலாம் சார்லஸ், அரசன் தன் அதிகாரத்தை இறைவனிடமிருந்து நேரே பெறுகிறான். அவனைக் கேள்வி கேட்க எவருக்கும் உரிமை இல்லை என்னும் கொள்கையில் ஊறியவன். மக்கள் மன்றத்தைக் கூட்டாமலே 11 ஆண்டுகள் ஆட்சி செய்தான். வரி விதித்தலிலும் சமய வழிபாட்டு முறையிலும் அவனுக்கும் மக்கள் மன்றத்துக்கும் எழுந்த பிணக்கு, 1642ஆம் ஆண்டில் உள்நாட்டுப் போராக மூண்டது. போரில் தோற்ற மன்னன் சிறைப்பட்டான். வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் அவன்மீது வழக்கு நடந்தது. அவனுக்கு மரண தண்டனை விதித்த ஆணையில் 59 பேர் கையொப்பமிட்டனர்.

1649ஆம் ஆண்டு ஜனவரி 30. குளிர் கடுமையாக இருந்த நாள். குளிரால் உடல் நடுங்கினால் அச்சத்தால் நடுங்குவதாகக் காண்போர் கருதக்கூடும் என்று எண்ணி, மன்னன் சட்டையின்மேல் சட்டையாக இரண்டு அணிந்துகொண்டான். கொலைமேடை ஒயிட்ஹால் அரண்மனையின் விருந்து மண்டபத்துக்கு வெளியே அமைக்கப்பட்டிருந்தது. மேடைக்குச் செல்லும் வழி அம்மண்டபத்தின் ஊடாகவே சென்றது. அதன் மேற்கூரையில், தன் தந்தை விண்ணுலகுக்கு உயர்த்தப்படுவதாக ரூபன்ஸ் என்னும் புகழ்பெற்ற ஓவியரைக் கொண்டு வரைவித்திருந்தவன் அவனே. அந்த ஓவியத்தின் கீழே நடந்து சென்று அவன் உயிர் துறந்தான்.

பன்னிரண்டு ஆண்டுகள் சென்றன. காலம் மாறியது, இறந்த மன்னனின் மகன் இரண்டாம் சார்லஸ் அரியணை ஏறினான். 1661ஆம் ஆண்டு அதே ஜனவரி 30ஆம் நாளைத் தேர்ந்தெடுத்து, தந்தையைக் கொன்றாரின் தலைவராகிய ஆலிவர் கிராம்வெல் மீது பழி தீர்க்கப்பட்டது. கிராம்வெல் 1658ஆம் ஆண்டிலேயே இறந்து புதைக்கப்பட்டவர். புதைத்த உடலைத் தோண்டி எடுத்து, டைபர்ன் என்னும் கொலைக்களத்தில் தூக்கிலிட்டுத் தலையைத் துண்டித்து, வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தின் உச்சியில் கம்பத்தில் செருகி வைத்தனர். உயிரற்ற உடலுக்குத் தண்டனை ஏது? வன்மம் நாள் பார்த்துச் செயலாற்றினால் விளைவது இதுவே. அந்நாட்டுத் திருச்சபையின் வழிபாட்டு நூலில் இந்நாள் நோன்பு நாளாக இடம்பெற்று 1859 வரை நிலைத்திருந்தது.

அன்றைய இங்கிலாந்து பழைய ஜூலியன் நாட்காட்டியைப் பின்பற்றியது. 1752இல்தான் இன்றைய முறைக்கு மாறியது. இன்றைய கணக்கின்படி அந்த 1649ஆம் ஆண்டு நாள் பிப்ரவரி 9 ஆகும். ஆயினும் அம்மக்கள் தங்கள் நாட்காட்டியில் ஜனவரி 30 என்றே அந்நாளை நினைவு கூர்ந்தனர். நாள் என்பது மனிதர் இட்ட கணக்கு என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

வடலூரின் அடுப்பும் மேட்டுக்குப்பத்தின் விளக்கும்

இனி நம் நாட்டுக்கு வருவோம். சிதம்பரத்தை அடுத்த மருதூரில் 1823ஆம் ஆண்டு அக்டோபர் 5ஆம் நாள் இராமையா பிள்ளைக்கும் சின்னம்மையாருக்கும் மகவாகத் தோன்றியவர் இராமலிங்கர். இளமையிலேயே தந்தையை இழந்து, தாயுடனும் உடன்பிறந்தாருடனும் சென்னைக்கு வந்தார். பள்ளிப் படிப்பில் நாட்டம் கொள்ளாத அச்சிறுவரைக் கந்தகோட்டத்து முருகன் சந்நிதி ஆட்கொண்டது. திருவொற்றியூர்ப் பெருமான் ஆட்கொண்டான். பாடல்கள் பெருகின. 1858ஆம் ஆண்டில் சென்னையை நீங்கித் தென்னார்க்காட்டுப் பகுதிக்குச் சென்று, கருங்குழி என்னும் சிற்றூரில் தங்கினார். 1865இல் சன்மார்க்க சங்கம் நிறுவினார்.

வாடிய பயிரைக் கண்டும் உள்ளம் வாடிய அருளாளர் அவர். பசி என்பது ஓர் உயிருக்கு நேரும் இடர்களில் எல்லாம் கொடியது. அதை நீக்குவதே இறைவழிபாட்டுள் தலையாயது என்பது அவர் கண்ட நெறி. ஜீவகாருண்ய ஒழுக்கம் என்னும் உரைநடை நூலில் இந்நெறியை விளங்க உரைத்திருக்கிறார். உரைத்ததோடு அமையாமல் செயலிலும் காட்டினார். பார்வதிபுரம் என வழங்கிய வடலூரில் ஊர் மக்கள் மனமுவந்து 80 காணி நிலம் அளித்தனர். அந்நிலத்தில் 1867ஆம் ஆண்டு மே 23ஆம் நாள் சத்திய தருமச்சாலை தொடங்கப்பெற்றது. பசித்து வந்தாரின் சாதியைக் கேளாது, சமயத்தைக் கேளாது, ஊரைக் கேளாது உணவு வழங்கும் சாலை அது. அன்று மூட்டிய அடுப்பு அணையா அடுப்பு எனப் போற்றப்பெற்று இன்றளவும் காக்கப்பட்டு வருகிறது.

அடுப்பு முதலில் வந்தது. வழிபாட்டுச் சபை பின்னரே வந்தது. அன்பர்கள் இவ்வரிசையை ஊன்றி நோக்க வேண்டும். தருமச்சாலை தோன்றி ஐந்தாண்டு ஆகும் அளவில், 1872ஆம் ஆண்டு ஜனவரி 25ஆம் நாள் தைப்பூசத்தன்று, எண்கோண வடிவில் எழுந்த சத்திய ஞானசபையில் முதல் வழிபாடு நடைபெற்றது. கருமை, நீலம், பச்சை, செம்மை, பொன்மை, வெண்மை, கலப்பு என்னும் ஏழு நிறத் திரைகள் நீங்க, அப்பால் ஜோதி தோன்றும். அறியாமையாகிய திரைகள் ஒவ்வொன்றாக விலகினால் அருளொளி விளங்கும் என்பது இதன் கருத்து. பசித்தவன் கண்ணுக்கு ஜோதி தெரியாது. ஆகவே பசிப்பிணியை முதலில் நீக்கி, அதன்பின் ஜோதியைக் காட்டினார் வள்ளலார்.

வடலூருக்கு அருகில் மேட்டுக்குப்பம் என்னும் ஊரில் தாம் தங்கிய இல்லத்துக்குச் சித்திவளாகம் என்று அடிகள் பெயரிட்டார். 1873ஆம் ஆண்டு அக்டோபர் 22ஆம் நாள் அங்கே சன்மார்க்கக் கொடியை உயர்த்தி நெடியதோர் உரை நிகழ்த்தினார். பேருபதேசம் என அன்பர்கள் போற்றுவது அதுவே. பின்னர், தாம் வழிபட்டு வந்த திருவிளக்கை அறைக்கு வெளியே வைத்து, அதனையே வழிபட்டு வருமாறு அன்பர்களுக்குக் கட்டளையிட்டார்.

ஸ்ரீமுக ஆண்டு தைத் திங்கள் 19ஆம் நாள், 1874ஆம் ஆண்டு ஜனவரி 30, வெள்ளிக்கிழமை. தைப்பூசத்தை ஒட்டி வந்த அந்நாளின் இரவில், இராமலிங்க அடிகள் சித்திவளாகத்துத் திருவறையினுள் நுழைந்து கதவைத் தாழிட்டுக்கொண்டார். அப்போது அவருக்கு வயது 50. அதன்பின் அவர் திருமேனியைக் கண்டார் எவருமிலர். அரசாங்க அதிகாரிகள் வந்து கதவைத் திறந்து பார்த்தபோது அறை வெறுமையாக இருந்தது என்று அன்பர்கள் வழிவழியாகக் கூறுவர். தென்னார்க்காட்டு ஆட்சித் தலைவராயிருந்த கார்ஸ்டின் என்னும் ஆங்கிலேயர், 1878இல் வெளிவந்த மாவட்ட நூலில் இந்நிகழ்ச்சியைக் குறித்துள்ளார். அடிகள் அருட்பெருஞ்ஜோதியில் கலந்தார் என்பது அன்பர்களின் உறுதி.

அவர் மறைந்து மூன்றாண்டு ஆவதற்குள் தென்னகத்தைப் பெரும் பஞ்சம் பற்றியது. 1876 முதல் 1878 வரை நீடித்த அப்பஞ்சத்தில் பல இலட்சம் மக்கள் மாண்டனர். பசியைப் பற்றி அடிகள் உரைத்தவை வெறும் ஞான வாக்கியங்கள் அல்ல என்பதை நாடு கண்கூடாகக் கண்டது. அன்னதானம் செய்வாரின் கையிலிருந்த அகப்பையும் வழிபாட்டுக்குரியது என்று உணர்த்தவே தருமச்சாலை எழுந்தது போலும்.

இருள் கவிந்த நாள்

வடலூரில் அருளொளி விளங்கிய அதே தேதி, மற்றொரு நாட்டில் இருள் கவிந்த நாளாயிற்று. 1933ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் நாள் ஜெர்மனி நாட்டின் தலைமை அமைச்சனாக அடால்ப் ஹிட்லர் நியமிக்கப்பட்டான். அன்றிரவு பெர்லின் நகரின் பிராண்டன்பர்க் வாயில் வழியாக அவன் கட்சியினர் ஆயிரக்கணக்கான தீவட்டிகளை ஏந்தி அணிவகுத்துச் சென்றனர். தீவட்டிகள் பல எரிந்தும் ஒளி ஒரு சிறிதும் இல்லை. ஆறாண்டுகள் கழித்து, 1939இல் அதே நாளில், மூளவிருக்கும் போர் ஐரோப்பாவின் யூத இனத்தை அழித்துவிடும் என்று மன்றத்தில் அவன் வெளிப்படையாக அச்சுறுத்தினான். சொன்னதைச் செய்தும் காட்டினான். அறுபது இலட்சம் யூதர்கள் கொல்லப்பட்டனர்.

வினை வித்தியவன் வினையே அறுப்பான். 1945ஆம் ஆண்டு ஜனவரி 30. ஆட்சிக்கு வந்த 12ஆம் ஆண்டு நிறைவில் ஹிட்லர் வானொலியில் பேசினான்; அதுவே அவனது கடைசி வானொலிப் பேச்சு. அதே இரவில், போருக்கு அஞ்சி ஓடிவந்த பெண்டிரும் சிறுவருமாகப் பல்லாயிரவரை ஏற்றிச் சென்ற வில்ஹெல்ம் குஸ்ட்லாஃப் என்னும் கப்பல், ரஷ்ய நீர்மூழ்கியால் தாக்குண்டு பால்டிக் கடலில் மூழ்கியது. இறந்தோர் தொகை ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்டது என மதிப்பிடுவர். கடல் வரலாற்றில் ஒரு கப்பலோடு இத்தனை உயிர் போனதில்லை. அக்கப்பலுக்குப் பெயர் தந்தவன் ஹிட்லர் கட்சியைச் சேர்ந்தவன். அவன் பிறந்ததும் ஒரு ஜனவரி 30ஆம் நாளில்தான். தீவட்டி ஊர்வலத்தில் தொடங்கியது, குளிர்க்கடலில் குழந்தைகளின் ஓலமாய் முடிந்தது.

பிரார்த்தனைக்குச் சென்ற பெரியார்

மூன்று ஆண்டுகள் சென்றன. 1948ஆம் ஆண்டின் தொடக்கத்தில் டில்லி மாநகரம் புண்பட்டுக் கிடந்தது. நாட்டுப் பிரிவினையால் வீடிழந்து வந்தவர்கள் ஒருபுறம். அச்சத்தால் ஒடுங்கிய இஸ்லாமிய மக்கள் மறுபுறம். பகைத் தீயை அணைக்க வேறு வழி காணாத காந்தியடிகள், தம் 78ஆம் வயதில் ஜனவரி 13ஆம் நாள் உண்ணாநோன்பு தொடங்கினார். எல்லாச் சமூகத் தலைவர்களும் ஒன்றுகூடி அமைதி காப்போம் என்று உறுதி அளித்த பின்னரே, 18ஆம் நாள் மௌலானா ஆசாத் கொடுத்த பழச்சாற்றை அருந்தி நோன்பை முடித்தார். 20ஆம் நாள் அவரது பிரார்த்தனைக் கூட்டத்தில் வெடிகுண்டு வெடித்தது. குண்டு வைத்த இளைஞனை வெறுக்க வேண்டா என்றே அடிகள் கேட்டுக்கொண்டார்.

ஜனவரி 30. அதுவும் வெள்ளிக்கிழமை. மாலை 5 மணிக்குப் பிரார்த்தனை தொடங்குவது வழக்கம். சர்தார் படேலுடன் நடந்த உரையாடல் நீண்டுவிட்டமையால் சில நிமிடம் காலம் தாழ்ந்தது. இறைவனைத் தொழுவதற்குத் தாமதமாகச் செல்வது அடிகளுக்குப் பொறுக்கலாகாத ஒன்று. ஆபா, மனு என்னும் இரண்டு பெண்களின் தோள்களில் கைவைத்து, பிர்லா மாளிகைத் தோட்டத்துப் புல்வெளியில் விரைந்து நடந்தார். கூடியிருந்தோரைக் கைகூப்பி வணங்கினார். அவ்வேளையில் எதிரே வந்து நின்ற நாதுராம் கோட்சே மூன்று முறை சுட்டான். மணி 5.17. கூப்பிய கைகளோடு இறைவன் திருநாமத்தைச் சொல்லி வீழ்ந்தார் என்று அருகிலிருந்தோர் கூறுவர். ஒளி மறைந்துவிட்டது என்று வானொலியில் தழுதழுத்த பிரதமர் நேரு, உடனே அதை மறுத்து, அவ்வொளி ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் இந்நாட்டில் விளங்கும் என்றும் கூறினார்.

இலண்டன் மாநகரில் 1661ஆம் ஆண்டு நிகழ்ந்ததை இங்கே மீண்டும் நினைவு கூர்தல் தகும். அங்கே, தந்தையைக் கொன்றாரின் பிணத்தையும் விடாமல் மகன் ஆட்சியில் பழி தீர்க்கப்பட்டது. இங்கேயோ, தந்தையைக் கொன்றவனைத் தூக்கிலிட வேண்டா. உயிர்ப்பிச்சை அளியுங்கள் என்று காந்தியடிகளின் புதல்வர்களாகிய மணிலாலும் இராமதாஸும் மன்றாடினர். அவ்வேண்டுகோள் ஏற்கப்படவில்லை, 1949ஆம் ஆண்டு நவம்பர் 15ஆம் நாள் தண்டனை நிறைவேறியது. ஆயினும் தந்தை கற்பித்த பாடத்தை அவர்கள் மறக்கவில்லை என்பதை உலகம் அறிந்தது. தேதி ஒன்றே, மனம் வேறு.

இரு பெருமக்கள்

வள்ளலாரும் காந்தியடிகளும் ஒருவரையொருவர் கண்டவரல்லர். அடிகள் சித்திவளாகத்தில் மறைந்தபோது, கூர்ஜர நாட்டில் காந்தி நான்கு வயதுச் சிறுவர். ஆயினும் ஒப்புமைகள் பல. இருவரும் அக்டோபர் முதல் வாரத்தில் தோன்றியவர்கள். இருவரும் மறைந்தது தைத் திங்கள் வெள்ளிக்கிழமை, ஜனவரி 30. இவை தற்செயல் ஒற்றுமை என்று தள்ளினாலும், தள்ள இயலாத ஒற்றுமை ஒன்று உண்டு. இருவருக்கும் பசியே வழிபாடாயிற்று. ஒருவர் பிறர் பசியைப் போக்குவதைத் தவமாகக் கொண்டார். மற்றவர் பிறர் பாவத்துக்காகத் தாம் பசித்திருப்பதைத் தவமாகக் கொண்டார்.

மற்றுமோர் ஒற்றுமை, திருக்கோயில் அன்பர்கள் சிறப்பாகக் கருதத்தக்கது. வள்ளலார் தருமச்சாலையின் கதவை எல்லார்க்கும் திறந்து வைத்தார். காந்தியடிகள் கோயிற் கதவு எல்லார்க்கும் திறக்க வேண்டும் என்று பாடுபட்டார். எல்லா மக்களும் நுழைய இயலாத கோயிலில் தாமும் நுழைவதில்லை என்பது அவர் கொண்ட விரதம். 1933 நவம்பர் முதல் 1934 வரை நாடெங்கும் இதற்காகவே பயணம் செய்தார். 1939ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் நாள், மதுரை வைத்தியநாத ஐயர் தாழ்த்தப்பட்ட மக்களை மீனாட்சியம்மன் திருக்கோயிலுக்குள் அழைத்துச் சென்றார். கோயிலின் நிர்வாகப் பொறுப்பிலிருந்த ஆர். எஸ். நாயுடு அவர்களை வரவேற்றார். இராஜாஜியின் அரசு அச்செயலுக்குச் சட்டப் பாதுகாப்பு அளித்தது. அதன் பின்னரே, 1946 பிப்ரவரியில் காந்தியடிகள் மதுரைக்கு வந்து அங்கயற்கண்ணி அம்மையின் சந்நிதியில் நின்று வணங்கினார். பழனியாண்டவனையும் அப்பயணத்திலேயே தரிசித்தார். பல்லாண்டு காத்திருந்து பெற்ற தரிசனம் அது. ஈராண்டுகள் கழித்து அவர் அஸ்தி கன்னியாகுமரிக் கடலில் கரைந்தது. கரைப்பதற்குமுன் அது வைக்கப்பட்டிருந்த இடத்தில் இன்று நினைவு மண்டபம் விளங்குகிறது.

கடல் கடந்த கருணை

காந்தியடிகள் மறைந்த எட்டாம் ஆண்டில், அந்நாளிலேயே, அமெரிக்க நாட்டில் ஒரு சோதனை நிகழ்ந்தது. அலபாமா மாநிலத்து மாண்ட்கமெரி நகரில் கறுப்பின மக்கள் பஸ்களில் இழிவாக நடத்தப்பட்டனர். அதனை எதிர்த்து 1955 டிசம்பர் முதல் அவர்கள் பஸ் ஏறாமல் கால்நடையாகவே சென்று அறப்போர் நடத்தினர். அவர்களுக்குத் தலைமை தாங்கியவர் மார்ட்டின் லூதர் கிங் என்னும் இளம் சமயப் போதகர். அப்போது அவருக்கு வயது 27.

1956ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் நாள் இரவு, அவர் ஒரு கூட்டத்தில் இருந்தபோது அவர் இல்லத்தின்மீது வெடிகுண்டு வீசப்பட்டது. உள்ளே மனைவியும் கைக்குழந்தையும் இருந்தனர். இறையருளால் இருவருக்கும் ஊறு நேரவில்லை. செய்தி பரவியது, சினங்கொண்ட மக்கள் படைக்கலங்களோடு திரண்டனர். கிங் ஒரு சொல் சொல்லியிருந்தால் அந்நகரில் இரத்தம் பெருகியிருக்கும். அவரோ உடைந்த முகப்பில் நின்று, படைக்கலங்களை வீட்டுக்குக் கொண்டு செல்லுங்கள். பகைவரையும் நேசியுங்கள் என்று கேட்டுக்கொண்டார். கூட்டம் அமைதியாகக் கலைந்தது. 381 நாட்கள் நீடித்த அறப்போர் வெற்றி பெற்றது. 1959இல் கிங் இந்தியாவுக்கு வந்து, தாம் பின்பற்றிய நெறியைத் தந்த பெருமானின் ராஜ்காட் சமாதியில் வணக்கம் செலுத்திச் சென்றார். டில்லிப் புல்வெளியில் சிந்திய குருதி, கடல் கடந்த நாட்டில் பல உயிர்களைக் காத்தது என்று கூறினால் மிகையாகாது.

நம் நாட்டிலும் அந்நாள் துயர நாளாக மட்டும் நின்றுவிடவில்லை. ஆண்டுதோறும் ஜனவரி 30 காலை 11 மணிக்கு நாட்டுக்காக உயிர் நீத்தார்க்கு மௌன அஞ்சலி செலுத்தப்படுகிறது. தொழுநோய் ஒழிப்பு நாளாகவும் அது கடைப்பிடிக்கப்படுகிறது. சேவாகிராம ஆசிரமத்தில், தொழுநோயால் துன்புற்ற பர்சுரே சாஸ்திரி என்னும் வடமொழிப் புலவரின் புண்களைக் காந்தியடிகள் தம் கையாலேயே துடைத்துப் பணிவிடை செய்தார். பிறர் தொட அஞ்சிய உடலைத் தொட்ட கைகளை நினைப்பதற்கு, அவர் மறைந்த நாளைவிடத் தகுந்த நாள் வேறில்லை.

நாளை நன்னாளாக்குவது

இதுகாறும் கண்டவற்றைத் தொகுத்து நோக்குவோம். ஒரே நாளில் இலண்டனில் கோடரி விழுந்தது. மேட்டுக்குப்பத்தில் விளக்கு ஏற்றப்பட்டது. ஒரே நாளில் பெர்லினில் தீவட்டிகள் எரிந்தன. டில்லியில் ஓர் ஒளி வீழ்ந்தது. மாண்ட்கமெரியில் வீசப்பட்ட குண்டு, பொறுமையின்முன் தோற்றது. நாள் ஒன்றாகவே இருந்தது. பழி வாங்க நினைத்தார் அந்நாளைப் பழியால் நிரப்பினர். அருள் நிறைந்தார் அதனை அருளால் நிரப்பினர். ஆகவே நாள் என்பது வெறுங்கலம் போன்றது. அதில் நஞ்சையும் வார்க்கலாம், அமுதையும் வார்க்கலாம். வார்ப்பவர் மனத்தைப் பொறுத்தே அதன் பெயர் அமைகிறது.

திருமறைக்காட்டில் சம்பந்தர் கோள்களை வெல்லச் சென்றாரல்லர். தம்மை அழைத்த நல்லாரின் துயர் தீர்க்கச் சென்றார். அச்செயலே கோள்களை நல்லனவாக்கியது. வடலூரில் 80 காணி நிலம் தந்த சிற்றூர் மக்களும் அவ்வாறே. அவர்கள் அளித்த நிலத்தில் எழுந்த அடுப்பு ஒன்றரை நூற்றாண்டு கடந்தும் எரிகின்றது. அவர்களில் பெரும்பாலோரின் பெயரை இன்று அறிவார் சிலரே. ஆயினும் அங்கு உண்டு பசி தீர்ந்தார் ஒவ்வொருவரிடத்தும் அவர்கள் வாழ்கின்றனர்.

திருக்கோயிலுக்குப் பொருள் உதவிய அன்பர்களும், உடலுழைப்பு நல்கிய தொண்டர்களும் இதனை நெஞ்சிற் கொள்வாராக. நல்ல முகூர்த்தத்தில் கலசத்தில் நீர் வார்த்தல் ஒரு நாள் நிகழ்ச்சி. அந்நாள் வரலாற்றில் நிற்குமா என்பதைப் பஞ்சாங்கம் முடிவு செய்யாது. மறுநாள் முதல் அக்கோயிலின் வாயில் எவரெவர்க்குத் திறந்திருக்கிறது, அதன் மடைப்பள்ளியில் எத்தனை பேர் பசி தீர்கிறது என்பவையே முடிவு செய்யும். வாயிலும் அடுப்பும் எல்லார்க்கும் உரியனவாக விளங்கும் ஊரில் ஒவ்வொரு நாளும் திருநாளேயாம்.